இருபது விழுந்த ஞாயிறு

நான் ஒரு விளையாட்டை நடத்தியவள். கேரம், கிரிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து வாயாலேயே ஒரு கதையை ஆடுகிற விளையாட்டு அது. மூன்று பேர் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தர் திருடன், ஒருத்தர் வைத்தியர், ஒருத்தி காவல்காரி. மழை பெய்கிறதா, பாலம் அறுந்திருக்கிறதா, கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் நான்காவது ஆள் சொல்ல வேண்டும். அந்த நான்காவது ஆள் நான். ஹாலிஎலப் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கத்துவதுதான் என் தொழில். வாய்க்குப் பஞ்சமில்லை.

இந்தக் கூத்து எங்களிடம் வந்து சேர்ந்ததற்கு என் அண்ணன்தான் காரணம். அவன் எல்ல என்கிற மலையூரில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு விடுதியில் வேலை பார்த்தான். அறையைக் காலிசெய்துகொண்டு போன எவனோ ஒருவன் ஒரு தடித்த புத்தகத்தையும் ஒரு பை நிறைய விதவிதமான பகடைக் காய்களையும் மறந்துவிட்டுப் போயிருந்தான். ஆறு மாதம் பார்த்தார்கள், யாரும் கேட்டு வரவில்லை. அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டான். "இந்தா, இங்கிலீசு. ஒனக்குத்தான் வெளங்கும்" என்றான். மூன்று வாரம் படித்தேன். பிறகு ஆள் சேர்த்தோம்.

அண்ணன் ஒருவன். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிற ஒருவர் இரண்டாவது. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல அவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். பொழுதுபோகாத மனிதர், ஞாயிறு பிற்பகலில் அவர் கடை பூட்டியிருக்கும். மூன்றாவது என் தோழி. ஐந்தாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தவள், ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். அவளும் என் அண்ணனும் ஐந்து வருடமாகப் பழகினார்கள். இரண்டு வீட்டுக்கும் தெரியும், இரண்டு வீட்டுக்கும் சம்மதம். அடுத்த உயிர்ப்புத் திருநாள் கழிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

கோயிலில் பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற அறையில் விளையாடுவோம். ஃபாதர் பகடையைப் பார்த்துவிட்டு, சூதாட்டம் இல்லை என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் சாவியைக் கொடுத்தார்.

அந்த விளையாட்டில் என் உயிரை வாங்கியது ஒரே ஒரு விஷயம். நாங்கள் அதைக் 'கவனிப்பு' என்போம். கதைக்குள் இருக்கிற ஆளின் கண்ணில் எது படும், காதில் எது விழும் என்பதைத் தீர்மானிக்க இருபது முகமுள்ள காயை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் புதருக்குள் பதுங்கியிருப்பவன் தெரிவான். சின்ன எண் விழுந்தால் தெரியமாட்டான். கேட்பதற்கு எவ்வளவு லேசு! நடத்திப் பார்த்தால்தான் எரிச்சல் தெரியும். "எங்க, உருட்டுங்க பாப்போம்" என்று நான் சொன்ன உடனேயே மூன்று பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏதோ இருக்கிறது என்று என் வாயே காட்டிக்கொடுத்துவிடும். அண்ணனுக்கு மூன்று விழும். "ஒனக்கு ஒண்ணும் தெரியல" என்பேன். "சரி, அப்ப நான் கத்திய உருவிக்கிட்டே போறேன்" என்பான். ஒன்றும் தெரியாதவன் எதற்கடா கத்தியை உருவுகிறாய்? அதிலேயே அரை மணி நேரம் சண்டை போகும்.

பிறகு நான் ஒரு வழி பண்ணினேன். பழைய கலண்டர் அட்டை இரண்டை ஒட்டி என் முன்னால் மறைப்பாக நிறுத்திக்கொண்டேன். யாருக்கு எவ்வளவு கவனிப்பு என்பதை ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அவர்களுக்காக நானே மறைப்புக்குப் பின்னால் உருட்டினேன். சில நேரம் ஒரு காரணமும் இல்லாமல் சும்மா உருட்டுவேன், சத்தத்தை வைத்து அவர்கள் எதையும் கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா? மூன்று பேரும் என் முகத்தையே பார்ப்பார்கள். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

நானா ஒருநாள் நன்றாகத் திட்டினார். ஒரு கல்லுக்கு அடியில் சாவி இருந்தது, அது இல்லாமல் கதை ஓர் அடி நகராது. ஆனால் அன்றைக்கு யாருக்கும் நல்ல எண் விழவில்லை. நானும் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் அதே முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "இந்தா பாருங்க தங்கச்சி, கட்டாயம் தெரிய வேண்டிய சாமானப் போய் டைஸுக்குப் பொறத்தால ஒளிச்சி வெக்கிறதா? அத நீங்களே செல்லிரணும். உருட்டுறதெல்லாம் மத்த விசயத்துக்கு" என்றார். அவர் சொன்னது நியாயம். அன்றிலிருந்து அப்படியே செய்தோம்.

இன்னொரு விதி என் தோழி போட்டது. சந்தேகம் ரொம்ப முற்றினால் தன் கையால், எல்லாரும் பார்க்க, வெளியிலேயே உருட்டலாம். அப்படி உருட்டி இருபது விழுந்தால் நான் மழுப்பக் கூடாது, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அவள்தான் கதையில் காவல்காரி. அவளுக்குத்தான் கவனிப்பு அதிகம். நிஜத்திலும் அப்படித்தான். பதினைந்து குழந்தைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் எது பசிக்கு, எது காய்ச்சலுக்கு என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் லீவில் வீட்டுக்கு வந்தான். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அவன் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். இரண்டு தடவை எல்லக்கு வந்து போன ஒரு ஜெர்மன்காரி இருக்கிறாளாம், அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். பதிவுத் திருமணம், விசா, எல்லாவற்றுக்கும் பத்திரங்கள் போயாகிவிட்டதாம். ஜெர்மனி! அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அவகிட்டச் சொல்லிட்டியா?" என்று என் தோழியைப் பற்றிக் கேட்டேன்.

"விசா கைக்கு வரட்டும். இப்பவே சொல்லி, அது வராமப் போச்சுன்னா?"

"வராமப் போச்சுன்னா இவளக் கட்டிக்கிருவியா? என்னது, பழஞ்சோறு மாதிரி மூடி வச்சிருக்கியா?"

"ஏய், சத்தம் போடாத" என்றான்.

நான் போட்டேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி போட்டிருப்பேன். அம்மா ரொட்டி மாவுக் கையோடு வந்து என் வாயைப் பொத்தினார். "கண்ணு பட்டிரும்டி! பிள்ளைக்கு ஒரு வழி தொறக்குது. நீ கெடுத்திராத" என்று அழுதார். என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, விசா வருகிறவரை யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். பூசைக்குத் தவறாமல் போகிற மனுஷிதான், ஆனால் கண்ணூறு என்றால் அவருக்குக் கடவுளும் இரண்டாம்பட்சம். அவரை மட்டும் குறைசொல்லி என்ன? எங்கள் பக்கத்தில் இப்போது வெளிநாடு போகிற அத்தனை பேரும் இப்படித்தான் போகிறார்கள். நேற்றுவரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் இன்றைக்குக் குவைத்தில் இருப்பார். பிளேன் ஏறிய பிறகுதான் அடுத்த வீட்டுக்குத் தெரியும். முன்கூட்டிச் சொன்னவரைத்தான் பைத்தியம் என்பார்கள்.

அந்த வாரமே என் தோழிக்குக் கடிதம் வந்தது. தாதியர் பயிற்சிக்கு அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். மூன்று வருடம், தூரத்து ஊர், படிப்பு முடிகிறவரை கல்யாணம் கூடாது. இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து கிடைத்த இடம், வயதெல்லைப்படி அவளுக்கு அதுதான் கடைசித் தடவை. போனால் தாதி. போகாவிட்டால் உயிர்ப்புத் திருநாள் கழித்துக் கல்யாணம். என் அண்ணனிடம் கேட்டாளாம். "ஒன் இஷ்டம். ஆனா மூணு வருசம்னா…" என்று இழுத்தானாம். இழுத்தானாம்! அந்த நாயின் கன்னத்தில் இரண்டு வைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தபோது கடிதம் அவள் கைப்பையில் இருந்தது. "நாளைக்குப் பதில் போடணும்டி. ஒண்ணும் யோசிக்க முடியல" என்றாள். நான் குனிந்து, உட்காரக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைய கதையில் மூன்று பேரும் ஒரு பாழடைந்த தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி ஆற்றங்கரைக்கு வந்திருந்தார்கள். எதிரிகள் பின்னால் வருகிறார்கள், படகு வரவேண்டும். மற்றவர்களுக்குத் தெரியாமல் ஏதாவது செய்ய நினைத்தால் துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம். அண்ணன் ஒரு துண்டு எழுதி மறைப்புக்கு மேலால் நீட்டினான். 'படகு வந்தால் நான் மட்டும் ஏறிப் போய்விடுவேன். அவர்களுக்குச் சொல்லாதே' என்று எழுதியிருந்தது. விளையாட்டிலுமா? வெட்கமே இல்லையா இவனுக்கு?

அப்போதுதான் என் தோழி சொன்னாள், "நான் ஆத்தப் பாக்கல. இவரப் பாக்குறேன். இவர் எங்ககிட்ட எதாச்சும் மறைக்கிறாரா?"

நான் வழக்கம்போல மறைப்புக்குப் பின்னால் காயை எடுத்தேன்.

"இல்ல, குடு. நான் உருட்டுறேன். வெளியில."

உருட்டினாள். காய் மேசையில் ஓடி, நானாவின் பிளேன்டீக் கிளாசில் முட்டித் திரும்பி நின்றது. இருபது.

"யா அல்லாஹ், இருபது!" என்று நானா மேசையைத் தட்டினார். "இனித் தப்பேலாது. செல்லுங்க தங்கச்சி!"

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தான். நான் ஆம் என்று சொல்லியிருந்தால் அது கதையில் வருகிற ஒரு திருடனைப் பற்றிய பேச்சுதான். விதிப்படி சொல்லியே ஆகவேண்டிய பேச்சு. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, அம்மாவின் தலையும் தப்பியிருக்கும். ஆனால் அந்த ஒரு சொல் வெளியே வந்தால் அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்துவிடும் என்று பயந்தேன்.

"இல்ல. ஒண்ணுமில்ல. களைச்சுப் போயிருக்கான், அவ்வளவுதான்" என்றேன்.

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "நல்லாப் பாத்துச் சொல்லு. இருபது விழுந்திருக்கு."

"அதான் சொல்றேனே!" என்று எரிந்து விழுந்தேன்.

"சரி" என்றாள்.

படகு வந்தது. அண்ணனின் திருடன் மற்ற இரண்டு பேரோடும் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கினான். கோழைப் பயல், விளையாட்டில்கூடத் தனியாக ஓட அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். சத்தியம், அண்ணன், கண்ணூறு எல்லாம் இருக்கட்டும். எங்கள் வளர்ப்பும் அப்படி. நமுனுகுலப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவர்கள் நாங்கள். ஒரே கூரை, வரிசையாகப் பத்துக் காம்பரா, நடுச்சுவர் கூரை வரைக்கும்கூடப் போகாது. பக்கத்துக் காம்பராவில் விழுகிற அடி, அழுகை, புருசன் பெண்டாட்டிப் பேச்சு எல்லாம் அப்படியே நம் தலைமாட்டில் கேட்கும். காலையில் பீலியடியில் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும்போது கன்னம் வீங்கிய அதே பெண்ணிடம் "என்னக்கா, தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்போம். கேட்டதைக் கேட்டதாகக் காட்டாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. அப்படி இல்லாவிட்டால் அந்தச் சுவர்களுக்குள் யாரும் யார் முகத்திலும் முழிக்க முடியாது. அந்த மரியாதையை நான் என் தோழிக்குச் செய்தேன். தூ, மரியாதை!

விளையாட்டு சீக்கிரமே முடிந்துவிட்டது. நானா தொழுகைக்குப் போனார், அண்ணன் எல்ல பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். நானும் அவளும் கதிரைகளை அடுக்கினோம். அடுக்கி முடிந்ததும் அவள் கைப்பையிலிருந்து கடிதத்தையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"பதில நீயே எழுதித் தாடி. ஒன் இங்கிலீசுதான் நல்லாருக்கும்."

"என்னன்னு?"

"வரலன்னு. சும்மா போகாம விட்டா அந்த எடம் வீணாப் போயிரும். யாராவது ஒரு பிள்ளைக்குக் கெடைக்கட்டும்."

எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் பேனாவைத் திறந்தேன். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கினேன். தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி. குடும்பக் காரணங்களால் இந்தப் பயிற்சியில் சேர இயலாத நிலையில் இருக்கிறேன். அந்த இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ள வேறொருவருக்கு வழங்குமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். எட்டு வரி. விளையாட்டு மேசையில் என் வாயிலிருந்து வந்தது ஒரு சின்னப் பொய். இதுவோ என் கையால், அழகான எழுத்தில், ஓரம் விட்டு எழுதிய எட்டு வரி. இதற்கு உருட்டவா வேண்டியிருந்தது? தெரிய வேண்டியதைத் தெரிய வேண்டியவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன், அதைத்தான் செய்தேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலையில் தபாலில் சேர்த்துவிட்டாள்.

விசா கிடைக்கக் கூடாது என்று அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஜெபித்தேன். கூடப்பிறந்தவனின் விசாவுக்குக் கண் பட்டிருந்தால் அது என் கண்ணாகத்தான் இருந்திருக்கும். ஒன்றும் பலிக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் வந்தது. அம்மா வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றினார். அண்ணன் பத்து நாளில் கிளம்பினான். விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு போனில் ஒரு மெசேஜ் அனுப்பினானாம். ஐந்து வருடத்துக்கு ஒரு மெசேஜ். அதையும் பெருமையாக என்னிடம் சொன்னான், "சொல்லாம ஒண்ணும் போகல, சொல்லிட்டுத்தான் போனேன்" என்று.

அவள் பூசைக்கு வருவதை நிறுத்தினாள். நான் அவளுக்கு போன் எடுத்தால் அடித்துக்கொண்டே இருக்கும். நேரில் போக எனக்கு மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் ஹாலிஎலயில்தான் படிப்பித்தேன், அவள் தோட்டம் அங்கிருந்து அரை மணி நேர நடை. தைரியம் வரவில்லை.

போனது ஒரு சனிக்கிழமை மத்தியானம். தாய்மார் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலைக்குப் போயிருந்தார்கள். சேலைத் தொட்டில்களில் குழந்தைகள் தூங்கின. அவள் தரையில் உட்கார்ந்து பால் போத்தல்களைக் கழுவி ஒரு தட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு பாயை இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அண்ணன் செஞ்ச வேலைக்கு…" என்று தொடங்கினேன்.

"ஒங்கண்ணன விடு. அவரு போயிருவாருன்னு எனக்கு நாலஞ்சு மாசமாவே சந்தேகம். போனைக் கவுத்துத்தான் வைப்பாரு. மூணு வருசம்னு சொன்னப்ப மூஞ்சில ஒரு சந்தோசம் வந்து போச்சு. அதுனாலதான் அன்னிக்கு உருட்டுனேன்."

"நான் இல்லைன்னு சொன்னேனே…"

"நம்பல. பொய்ன்னு அப்பவே தெரியும். ஒன் கழுத்தெல்லாம் செவந்து போச்சு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது, பாருங்கள். "தெரிஞ்சிருந்தா அப்புறம் ஏன்டி என்னைய லெட்டர் எழுதச் சொன்ன? ஏன்டி கையெழுத்துப் போட்ட?" என்று கத்திவிட்டேன். ஒரு குழந்தை சிணுங்கியது. அவள் எட்டித் தொட்டிலை ஆட்டிவிட்டாள்.

"வெளையாட்டுல பொய் சொல்லுவ, லெட்டர்ல சொல்லமாட்டேன்னு நெனச்சேன்" என்றாள். சத்தம் உயரவே இல்லை. "அதுனாலதான் ஒன்னையவே எழுதச் சொன்னேன். நீ எழுதுறப்ப ஒன் கையத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். எங்கயாச்சும் ஒரு எடத்துல பேனா நிக்கும், நீ நிமிந்து பாப்பன்னு. நிக்கவே இல்ல. அவ்வளவு நேரம் நீ நிக்காம எழுதுறன்னா அப்ப நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்னு கையெழுத்துப் போட்டேன்."

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம் என்று ஏதோ உளறினேன். வயது தாண்டிவிட்டது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தொட்டிலில் இருந்த குழந்தை இப்போது முழுதாக விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அவள் அதைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தாள்.

"ஒன்றரை பஸ் போச்சுன்னா அப்புறம் நாலு மணிக்குத்தான். கெளம்புங்க டீச்சர்" என்றாள்.

அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.